மாநிலங்களவையும் வாழிடத் தகுதியும்: மும்பைத் தமிழரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

இந்திய நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளுள் ஒன்றை மக்களவை என்றும் மற்றொன்றை மாநிலங்களவை என்றும் தமிழில் வழங்குகிறோம். முன்னதன் பெயரில் ஐயத்திற்கு இடமில்லை. அது மக்களின் அவை. பின்னதன் பெயர் சற்று நின்று நோக்கத்தக்கது. பண்டைய வழக்கில் ‘மாநிலம்’ என்பது பெரிய நிலம் என்னும் பொருளில் உலகைக் குறித்த சொல். இன்று அது கூட்டாட்சியின் ஓர் உறுப்பாகிய ஆட்சிப் பகுதியைக் குறிக்கிறது. மக்களுக்கென ஓர் அவை இருக்கும்போது, மாநிலங்களுக்கென அமைந்த அவை எதன் பிரதிநிதியாக நிற்கிறது? நிலத்திற்கா, அந்நிலத்தை ஆளும் அரசிற்கா, அங்கு வாழ்வோருக்கா, அன்றி அங்கு வழங்கும் மொழிக்கா?

இவ்வினா சட்ட நூலார்க்கு மட்டும் உரியதன்று. திருநெல்வேலிச் சீமையில் பிறந்து தாராவியில் உழைத்து வாழ்பவர், மூன்று தலைமுறையாக மாட்டுங்காவிலேயே இருந்து தமிழைப் பேச்சு மொழியாக மட்டும் காத்து வருபவர், செம்பூரில் பணி ஓய்வு பெற்று ஊர் திரும்புவதா வேண்டாவா என்று எண்ணிக்கொண்டிருப்பவர் ஆகியோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா அது. நாம் எவ்விடத்தார்? நம் பொருட்டுப் பேசும் உரிமை யாருக்கு உண்டு? மாநிலங்களவை உறுப்பினராவதற்கு அம்மாநிலத்தில் வாழ்ந்திருத்தல் வேண்டும் என்னும் தகுதி 2003ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அந்நீக்கம் அறத்தொடு பொருந்துமா என்பதை மும்பைத் தமிழரின் நிலையிலிருந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவையின் ஆக்கம்

அரசமைப்பின் 80ஆம் உறுப்பின்படி மாநிலங்களவையில் மிகுதியாக 250 பேர் இருக்கலாம். அவர்களுள் 12 பேர் இலக்கியம், அறிவியல், கலை, சமூகத் தொண்டு ஆகிய துறைகளிலிருந்து குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுவோர். ஏனையோரை மாநிலச் சட்டப் பேரவைகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் விகிதாசார முறையில் ஒற்றை மாற்று வாக்கால் தேர்ந்தெடுக்கின்றனர். இன்று அவையின் அளவு 245. மகாராட்டிரத்திற்கு 19 இடங்கள், தமிழகத்திற்கு 18, உத்தரப் பிரதேசத்திற்கு 31. மக்கள்தொகையில் முதல் ஐம்பது இலட்சம் வரை பத்து இலட்சத்திற்கு ஓர் இடம், அதற்கு மேல் இருபது இலட்சத்திற்கு ஓர் இடம் என்பது இப்பங்கீட்டிற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்ட கணக்கு. சிறிய மாநிலமாயினும் பெரிய மாநிலமாயினும் இருவர் என்னும் அமெரிக்க முறையை நம்மவர் ஏற்கவில்லை. தலைக்கணக்கே இங்கும் அளவுகோல் ஆதலின், இவ்வவை முழுவதும் நிலத்தின் அவையாகவும் ஆகவில்லை. முழுவதும் மக்களின் அவையாகவும் ஆகவில்லை. தாராவித் தமிழரின் தலை மகாராட்டிரத்தின் கணக்கில் எண்ணப்படுகிறது என்பது இவண் குறித்துக்கொள்ளத்தக்கது.

1952 ஏப்ரல் 3 அன்று அமைக்கப்பட்டு, மே 13 அன்று முதன்முதலாகக் கூடிய இவ்வவைக்குத் தோற்றவர்களின் புகலிடம் என்னும் பழி தொடக்கத்திலேயே வந்தது. அப்பழிக்குப் பம்பாயிலும் சென்னையிலும் கிடைக்கும் சான்றுகள் பழியையே பொய்யாக்குவன. 1952ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் தோற்ற அம்பேத்கர், அதே ஆண்டில் பம்பாய் மாநிலத்திலிருந்து இவ்வவைக்கு வந்து, 1956இல் மறையும் வரை அதன் உறுப்பினராக இருந்தார். 1962இல் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் தோற்ற அண்ணா, அவ்வாண்டே மாநிலங்களவைக்குச் சென்று மே 1 அன்று தம் முதல் உரையை நிகழ்த்தினார். மாநிலத்தின் குரல் என்பது என்னவென்று அவ்வவை அறிந்துகொண்ட நாள்களுள் அதுவும் ஒன்று.

நியமன உறுப்பினர் பன்னிருவரும் எந்த நிலத்திற்கும் உரியவர் அல்லர். ஆயினும் பிரதிநிதித்துவத்தின் இயல்பை உணர்த்த அவர்களிடமிருந்தே ஒரு சான்றைக் காட்டலாம். 1986இல் நியமனம் பெற்ற எழுத்தாளர் ஆர். கே. நாராயண், பள்ளிச் சிறுவர் முதுகில் சுமக்கும் புத்தகப் பையின் கனத்தைப் பற்றி அவையில் பேசினார். கல்விச் சுமை குறித்த யஷ்பால் குழுவின் அறிக்கை 1993இல் வெளிவந்தபோது அவ்வுரை நினைவுகூரப்பட்டது. வாக்குரிமையற்ற சிறுவர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களிடம் அவர் திரும்பிச் சென்று வாக்குக் கேட்கவும் இல்லை. எனினும் அன்று அவர் யாருக்குப் பிரதிநிதியாக இருந்தார் என்பதில் ஐயமில்லை. தேர்ந்தெடுக்கப்படுதலும் பிரதிநிதியாதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

நீக்கப்பட்ட தகுதி

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒரு மாநிலத்தின் சார்பில் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் அம்மாநிலத்தின் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் வாக்காளராக இருத்தல் வேண்டும் என விதித்திருந்தது. அவ்விதி நெடுங்காலம் வெறும் முகவரியாகச் சுருங்கிக் கிடந்தது. மன்மோகன் சிங் 1991 முதல் 2019 வரை அசாம் மாநிலத்தின் உறுப்பினராக இருந்தார். அதன்பொருட்டுக் குவாகாத்தியில் ஒரு வாடகை வீட்டு முகவரியில் வாக்காளராகப் பதிவு பெற்றார். அவரைப் போலவே பல கட்சிகளைச் சார்ந்தோரும் முகவரி தேடினர். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ‘அம்மாநிலத்தில்’ என்பதை ‘இந்தியாவில்’ என மாற்றி அப்பாசாங்கிற்கு முடிவு கட்டியது. பொய்யான நடைமுறையைக் காட்டிலும் மெய்யான சட்டம் நன்று என வாதிடுவோர்க்கு அது ஒரு வெற்றியே.

அதே திருத்தம் மற்றொன்றையும் செய்தது. மாநிலங்களவைத் தேர்தலில் மறைவாக்கு முறையை எடுத்துவிட்டது. கட்சி சார்ந்த சட்டமன்ற உறுப்பினர் தாம் குறித்த வாக்குச்சீட்டைத் தம் கட்சியின் முகவரிடம் காட்டிய பின்னரே பெட்டியில் இடவேண்டும். பணம் பெற்று அணிமாறி வாக்களிப்பதைத் தடுத்தல் இதற்குக் கூறப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று.

இவ்விரண்டையும் எதிர்த்து மூத்த இதழாளர் குல்தீப் நய்யார் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அவரும் 1997இல் இவ்வவைக்கு நியமிக்கப்பட்டவர். மாநிலத்தோடு தொடர்பற்றவர் மாநிலத்தின் பிரதிநிதி ஆகார். ஆகலாம் என்றால் கூட்டாட்சி என்னும் அடிப்படைக் கூறு சிதையும் என்பது வழக்கின் சாரம். தலைமை நீதிபதி ஒய். கே. சபர்வால் தலைமையில் ஐவர் அமர்வு 2006 ஆகஸ்டு 22 அன்று திருத்தத்தைச் செல்லத்தக்கது எனத் தீர்ப்பளித்தது. மாநிலத்தின் பிரதிநிதி என்பவர் அம்மாநிலப் பேரவையால் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. வாழிடம் என்பது அரசமைப்பு விதித்ததன்று, நாடாளுமன்றம் சட்டத்தால் விதித்தது. விதித்தவரே நீக்கலாம் என்பது தீர்ப்பின் போக்கு. சட்டத்தின் நெறியில் அதனைக் குறைகூறுதல் எளிதன்று. ஆனால் செல்லத்தக்கது எனச் சட்டம் கூறுவதெல்லாம் அறத்தின் முன்னும் செல்லும் என்று கொள்ள வேண்டியதில்லை.

தாராவியிலிருந்து நோக்குதல்

திருத்தத்தின் பயனாக ஒரு புதிய வழக்கம் பரவியது. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2014இல் ஆந்திரத்திலிருந்தும் 2016இல் கர்நாடகத்திலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எல். முருகன் 2021இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து அவைக்கு வந்தார். சிவகங்கைத் தொகுதியிலிருந்து பன்முறை மக்களவைக்குச் சென்ற ப. சிதம்பரம் 2016இல் மகாராட்டிரத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினரானார். 2022இல் தமிழகத்திலிருந்து மீண்டும் வந்தார். எந்தக் கட்சியும் இதற்கு விலக்கன்று. ஆளைப் பற்றிய குறையும் இங்கு எழவில்லை; இவர்கள் எல்லாரும் அவையில் பேசத் தக்கவர்களே.

2016 முதல் 2022 வரை மகாராட்டிரத்தின் பத்தொன்பது உறுப்பினருள் ஒருவர் தமிழர் என்பது மும்பைத் தமிழருக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. மாட்டுங்காவில் தமிழறிந்த நண்பர் ஒருவர் அதனைப் பெருமையாகவே இக்கட்டுரையாளரிடம் கூறினார். அப்பெருமைக்கு அடிப்படை யாது? அவர் தமிழர் என்பதால் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மும்பைத் தமிழரின் பொருட்டும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவ்வாண்டு மகாராட்டிரத்தில் ஆறு இடங்களுக்கு ஆறு பேரே நின்றமையால் வாக்குப்பதிவே நிகழவில்லை. தாராவி வாக்காளர் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். அவர் மாநிலங்களவை உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது இரண்டு படிகள் கொண்ட ஏணி. 2016இல் இரண்டாம் படியில் எவரும் கால் வைக்கவில்லை. மொழி ஒற்றுமை ஒன்றால் மட்டும் ஒருவர் மற்றொருவருக்குப் பிரதிநிதி ஆகிவிடுவார் எனக் கொள்வது, பெயர் ஒற்றுமையால் ஒருவர் கடனை மற்றொருவர் தீர்ப்பார் என நம்புவதைப் போன்றது. இதற்கு மாறாக, சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் தமிழரான தமிழ்ச்செல்வன் வென்றார். அங்கு வாக்களித்தோருள் தமிழரும் உண்டு, மராத்தியரும் உண்டு, வட இந்தியரும் உண்டு. மூன்று முறையும் அவர்கள் முன் அவர் நின்றாக வேண்டியிருந்தது. இரண்டும் தமிழர் பெற்ற இடங்களே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

இனி, வாக்களிப்போர்க்குச் சட்டம் விதிக்கும் தகுதியைக் காண்போம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி ஒருவர் தாம் ‘வழக்கமாக வாழும்’ இடத்தில்தான் வாக்காளர் ஆகலாம். ஒரு தொகுதிக்கு மேல் பதிவு கூடாது. ஓரிடத்தில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் அவ்விடத்தில் வாழ்வதாகக் கொள்வதற்குப் போதாது என்றும் சட்டம் வெளிப்படையாகக் கூறுகிறது. நெல்லை மாவட்டத்துச் சிற்றூரில் ஓட்டு வீடும், குலதெய்வக் கோயில் கொடையில் வரிப்பங்கும், பெற்றோரின் கல்லறையும் உடைய தாராவித் தொழிலாளி அவ்வூரின் வாக்காளர் அல்லர். சில காலம் வெளியூர் சென்று மீள்வோர்க்குச் சட்டம் இடந்தருவது உண்மையே. வாழ்நாளின் பெரும்பகுதியை வெளியூரில் கழிப்பவர்க்கு அது பயன்படாது. புலம்பெயர்ந்தோர் இருந்த இடத்திலிருந்தே வாக்களிக்கத் தொலைநிலை வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன்மாதிரியைத் தேர்தல் ஆணையம் 2023 சனவரியில் கட்சிகள் முன் வைத்தது. கட்சிகள் பல ஐயம் எழுப்பின. அம்முயற்சி அப்போது கைகூடவில்லை.

ஆக, தேர்ந்தெடுப்பவர் ஓரிடத்தில் வாழ்ந்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கப்படுபவர் வாழ வேண்டியதில்லை. மக்களவைக்கும் இது பொருந்தும் எனலாம். உண்மைதான். மக்களவை வேட்பாளர் எம்மாநிலத்தவராயினும் வேறு மாநிலத்தில் நிற்கலாம் என்பது தொடக்கம் முதல் உள்ள விதி. சென்னை மயிலாப்பூரில் பிறந்த சுப்பிரமணியன் சுவாமி 1977இலும் 1980இலும் மும்பை வடகிழக்குத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். ஆனால் அங்கே வேட்பாளரை நேரில் கண்டு, கேட்டு, ஏற்கவும் தள்ளவும் இலட்சக்கணக்கானோர் உள்ளனர். வெளியூராரை ஏற்பது அவர்கள் செய்யும் தேர்வு. மாநிலங்களவையில் அத்தேர்வைச் செய்வோர் சில நூறு பேர். அவர்கள் கையிலுள்ள சீட்டையும் கட்சி முகவர் காண்கிறார். 2022 சூன் 10 அன்று, நீண்ட இடைவெளிக்குப் பின் மகாராட்டிரத்தில் ஆறு இடங்களுக்கு எழுவர் நின்று வாக்குப்பதிவு நடந்தபோது, சீட்டைக் காட்டிய முறையில் பிழை என்று ஓர் உறுப்பினரின் வாக்கே செல்லாததாக்கப்பட்டது. வாழிடத் தகுதியை மட்டும் நீக்கியிருந்தால் மறைவாக்கு எஞ்சியிருக்கும்; மறைவாக்கை மட்டும் நீக்கியிருந்தால் வாழிடம் எஞ்சியிருக்கும். இரண்டையும் ஒருங்கே நீக்கியமையால் தேர்வு பேரவையின் கையிலிருந்து கட்சித் தலைமையின் கைக்குச் சென்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

தாராவியில் இச்சமனின்மை மேலும் உறைக்கிறது. குடிசை மறுசீரமைப்பில் வீடு பெறும் தகுதிக்கு 2000 சனவரி 1 என்னும் நாள் அளவுகோலாக வைக்கப்பட்டது. அதற்கு முன்னரே அங்கு வாழ்ந்தமைக்கு மின்கட்டணச் சீட்டோ குடும்ப அட்டையோ வாக்காளர் பட்டியலின் படியோ காட்டவேண்டும். அந்நாளுக்குப் பின் வந்தவரின் நிலையும், மேல்தளத்தில் குடியிருப்பவரின் நிலையும் வேறு. வாழ்ந்த இடத்திலேயே வாழ்வதற்கு ஏழையிடம் இத்தனைச் சான்று கேட்கும் ஒரு நாடு, அவர் வாழும் மாநிலத்தின் பெயரால் பேசுபவரிடம் ஒரு முகவரியும் கேட்பதில்லை.

வாழிடம் என்னும் அளவுகோலின் இடர்

இவ்வளவு கூறியபின், நீக்கிய தகுதியை மீண்டும் சேர்த்தால் போதும் என்னும் முடிவுக்கு வருவது எளிது. மும்பைத் தமிழர் அம்முடிவிற்கு விரைந்து வருதல் தகாது. ‘இவ்விடத்தார்’, ‘வெளியிடத்தார்’ என்னும் பாகுபாட்டின் கசப்பை அவர்கள் அறிவர். 1966இல் சிவசேனை தோன்றிய காலத்தில், மண்ணின் மைந்தர் என்னும் முழக்கம் முதலில் தென்னிந்தியர் மீதே பாய்ந்தது. உணவகங்கள் தாக்கப்பட்டன, அலுவலகப் பணியிடங்களில் தென்னிந்தியப் பெயர்கள் எண்ணப்பட்டன. மாட்டுங்காவில் 1932 முதல் கல்விப் பணி செய்துவந்த தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைப் போன்ற அமைப்புகளை உருவாக்கியவர்களின் மக்களும் அன்று ‘வந்தேறிகள்’ எனப்பட்டனர். ஒருவர் எவ்விடத்தார் என்பதை உரிமைக்கு அளவாக்கினால், அவ்வளவுகோல் முதலில் யார் தலையில் விழும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

அளவுகோலின் குறையை வரலாறும் காட்டுகிறது. 1946இல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்குத் தம் சொந்த மாகாணமாகிய பம்பாயிலிருந்து செல்ல இயலவில்லை. அங்குள்ள சட்டமன்றத்தில் அவருக்குப் போதிய ஆதரவில்லை. சோகேந்திரநாத் மண்டல் முதலானோரின் துணையால் அவர் வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். வங்காளத்தில் அவர் வாழ்ந்தவர் அல்லர். பிரிவினையால் அவ்விடத்தை இழந்த பின்னரே, 1947இல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாழிடத் தகுதி அன்று கடுமையாக விதிக்கப்பட்டிருந்தால் அவர் 1946இல் அவையினுள் நுழைந்திருக்க முடியாது.

வங்காளத்தில் அம்பேத்கரும் மகாராட்டிரத்தில் இன்றைய வெளிமாநிலத்து உறுப்பினரும் ஒரே நிலையினரா? அல்லர். வேறுபாடு வாழிடத்தில் இல்லை. தேர்வின் திசையில் உள்ளது. வங்காளத்தின் ஒடுக்கப்பட்டோர் பிரதிநிதிகள் பெருங்கட்சியின் விருப்பத்திற்கு மாறாகத் தம் பொருட்டுப் பேச ஒருவரைத் தேடிச் சென்று அழைத்தனர். இன்று கட்சித் தலைமை ஒருவரை எங்கே அமர்த்தலாம் எனக் கணக்கிட்டு, உபரி வாக்குகள் உள்ள மாநிலத்திற்கு அனுப்புகிறது. மாநிலத்தவர் அழைத்து வருபவர் வேறு. மாநிலத்தின்மேல் வைக்கப்படுபவர் வேறு. சட்டம் இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் உடையதன்று.

கணக்குக் காட்டுதல்

இவ்விடத்தில் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை நினைவுகூர்தல் பொருந்தும். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 ஆண்டுகளில், பொறிக்கப்பட்ட அவை, முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழி வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைக் கூறுகின்றன. மக்களாட்சியின் தொட்டில் என இவற்றைப் போற்றும் வழக்கம் நம்மிடையே மிகுதி. இக்கட்டுரையாளருக்கு அதில் தயக்கம் உண்டு. அது ஒரு பிராமணக் குடியிருப்பின் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட வரிசெலுத்தும் நிலமும், சொந்த மனையில் எடுத்த வீடும், வேதப் பயிற்சியும் தகுதிகளாக விதிக்கப்பட்டன. இன்றைய தாராவி மக்களின் முன்னோர் பெயர் அக்குடத்தில் விழுந்திருக்க வாய்ப்பில்லை. வாழிடத் தகுதி எத்துணை எளிதில் சொத்துத் தகுதியாக மாறும் என்பதற்கும் அதுவே சான்று. கனடா நாட்டின் செனட்டு அவைக்கு 1867ஆம் ஆண்டுச் சட்டம் மாகாணத்தில் வாழ்தலையும் 4,000 டாலர் மதிப்புள்ள நிலவுடைமையையும் ஒருங்கே விதித்தமையையும் இதனோடு ஒப்பிடலாம்.

ஆயினும் அக்கல்வெட்டுகளில் பெரிதும் பேசப்படாத மற்றொரு விதி உண்டு. முன்னர் வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் பெயர் எழுதப்படும் தகுதியை இழப்பர். எங்கே வாழ்கிறாய் என்பது நுழைவில் கேட்கும் வினா. என்ன செய்தாய் என்பது முடிவில் கேட்கும் வினா. நம் சட்டம் 1951இல் முதல் வினாவை மட்டும் எடுத்துக்கொண்டது. 2003இல் அதனையும் விட்டது. இரண்டாம் வினாவைச் சட்டம் ஒருபோதும் கேட்கவில்லை.

பிறந்த ஊரோ வாழும் ஊரோ கணக்குக் கேட்கும் உரிமைக்கு முன்நிபந்தனை அன்று என்பதைச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை காட்டுகிறது. பாண்டியனின் அவைக்கு வந்த கண்ணகி அவன் குடிமகள் அல்லள். யார் என வினவிய மன்னனுக்குத் தன் ஊர் புகார் என்றே கூறுகிறாள். வேற்றரசின் நாட்டவளுக்கு விடைசொல்ல வேண்டியதில்லை என அவன் கருதவில்லை. தான் செய்த முறைக்குக் காரணம் கூறுகிறான். அது பிழை எனத் தெளிந்தபோது உயிரையே தருகிறான். தன் ஆட்சியால் தாக்குற்றவள் கேட்கிறாள் என்பதே விடைசொல்வதற்குப் போதிய காரணமாயிற்று. இவ்வகையில் காணின், மகாராட்டிரத்தின் உறுப்பினரிடம் கேட்கும் உரிமை தாராவித் தமிழருக்கு உண்டு. அவர் மராத்தியர் என்பதாலும் அன்று. உறுப்பினர் தமிழர் என்பதாலும் அன்று. அவ்வுறுப்பினர் கை தூக்கிய சட்டம் தாராவியிலும் செல்லும் என்பதால்.

அவ்வுரிமை செயல்படுவதற்கு இன்றுள்ள வாயில் மிகக் குறுகியது. மாநிலங்களவை உறுப்பினர் தம்மைத் தேர்ந்தெடுத்த பேரவையுள் சென்று பேச உரிமையுடையவர் அல்லர். பேரவை அவரை அழைத்து வினவவும் வழியில்லை. செருமனியின் கூட்டாட்சி அவையில் மாநில அமைச்சர்களே உறுப்பினராதலின், அவர்கள் அவ்வரசுக்குக் கட்டுப்பட்டே வாக்களிக்கின்றனர். அம்முறை நமக்கு மிகையாகலாம். நம் நிலையிலோ ஆறாண்டு முடிந்ததும் உறுப்பினர் வேறொரு மாநிலத்திற்குச் செல்லலாம். விட்டுச் சென்ற மாநிலத்தின் பேரவையை அவர் மீண்டும் எதிர்கொள்ள வேண்டியதே இல்லை. முகவரிக்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவராவது அதே பேரவையிடம் திரும்பி வந்தார். தொகுதி மேம்பாட்டு நிதியில் மட்டும் ஒரு கட்டு எஞ்சியுள்ளது. தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்தின் எல்லைக்குள் எந்த மாவட்டத்திலும் பணிகளைப் பரிந்துரைக்கலாம் என்பது அதன் விதி. மாநிலத்திற்கும் அதன் உறுப்பினருக்கும் இடையே சட்டம் விட்டுவைத்துள்ள பிணைப்பு கழிப்பறைக்கும் வகுப்பறைக்கும் ஒதுக்கும் பணமே என்பது இரங்கத்தக்கது.

தகுதிகளைச் சட்டத்தால் விதிக்க அரசமைப்பின் 84ஆம் உறுப்பு நாடாளுமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது. அவ்வதிகாரத்தைக் கொண்டே 2003இல் 3ஆம் பிரிவு மாற்றப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஏற்றதும் அதனையே. ஒருமுறை உறுப்பினராக இருந்தவர் எம்மாநிலத்திலிருந்தாயினும் மீண்டும் நிற்க விரும்பினால், முன்னர்த் தம்மைத் தேர்ந்தெடுத்த பேரவையின் முன் தம் ஆறாண்டுப் பணியின் கணக்கை வைத்திருத்தல் வேண்டும் என்று அதே பிரிவில் ஒரு தொடரைச் சேர்ப்பதற்கும் அவ்வதிகாரம் போதும். அத்தொடர் ஆர்வலர் ஒருவர் எவ்விடத்தார் என்று கேட்பதில்லை. ஆதலின் மும்பைத் தமிழர் அஞ்ச வேண்டியதும் அதில் ஏதுமில்லை.